எங்கள் பிளட்டை இடித்து உயர்த்திக் கட்டலாமா? வெள்ளவத்தை லேன்காரர் எல்லாரும் சொல்லுங்கள்

11 ஜனவரி 2025

"முன் லேனில செய்த மாதிரி எங்கட பிளட்டையும் இடிச்சுப் பன்னிரண்டு மாடி எழுப்பித் தாறம், லிப்ட் வரும், ஆளுக்கொரு பார்க்கிங் வரும், இப்ப இருக்கிறதைவிடக் கூடச் சதுர அடி வரும் எண்டு கட்டடக்காரர் சொல்லுறார். கையெழுத்து வைக்கவோ, விடவோ?"

இரண்டாம் மாடி அக்கா கேட்டது. அவவுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. எங்கள் லேனிலேயே இதே வயதுக் கட்டடங்கள் இன்னும் நாலைந்து நிற்கின்றன. இன்றைக்கு எங்களிடம் வந்தவர் நாளைக்கு உங்கள் கதவையும் தட்டுவார். இந்தப் பக்கத்தில் இன்னும் பத்து வருடத்தில் எப்படிப்பட்ட வீடுகள் இருக்கவேண்டும், அதில் யார் இருக்கவேண்டும் என்று நாங்களே கதைக்காவிட்டால் கட்டடக்காரர்தான் தீர்மானிப்பார். சொந்தக்காரர் மட்டுமில்லை, வாடகைக்கு இருக்கிறவர்களும் சொல்லுங்கள்.

கட்டடத்தைத் தெரியாதவர்களுக்கு: கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் 22 பேர்ச் காணி. 1996ல் எழும்பியது. கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி, மாடிக்கு நாலு வீடு. அதற்கும் மேலே பிறகு ஏற்றிய அரை மாடியில் இரண்டு வீடு. மொத்தம் 18. லிப்ட் இல்லை.

என் முதல் எண்ணம், வேண்டாம் என்பதுதான். அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்த காணியில் இரண்டு பரப்பை விற்று வாங்கிய வீடு இது. இருக்கிற கூரையை இறக்கிவிட்டு ஒரு கடதாசியை நம்பி வெளியே போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் மனம் ஒருபுறம் இருக்கட்டும், மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன்.

13 ஜனவரி

கணக்கெடுத்தேன். 18 வீட்டில் சொந்தக்காரர் இருப்பது ஆறில். வாடகைக்கு விட்டிருப்பது ஒன்பது. பூட்டிக் கிடப்பது மூன்று. பூட்டிக் கிடக்கிற மூன்றின் சொந்தக்காரரும் வெளிநாட்டில். வாடகைக்கு விட்ட ஒன்பதில் ஐந்தின் சொந்தக்காரரும் வெளிநாட்டில்தான்.

கட்டடக்காரர் கையெழுத்துக் கேட்பது சொந்தக்காரரிடம் மட்டும். ராத்திரி விளக்கெரிவது 15 வீட்டில். விளக்கெரிகிற வீடுகளில் பாதிக்கு மேல் வாடகைக்காரர். அவர்களிடம் இதுவரைக்கும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு பேச்சு நடப்பதே தெரியாது.

14 ஜனவரி

பொங்கல். கீழே பார்க்கிங்கில் வானை வெளியே எடுத்துவிட்டு மூன்று கல் வைத்துப் பொங்கினோம். மேல் மாடிப் பெடியன்கள் இருவர், அட்டன் பக்கத்துப் பிள்ளைகள், புறக்கோட்டையில் கடையில் வேலை, ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. அவர்கள்தான் பானையைப் பார்த்துக்கொண்டார்கள். கட்டட விஷயம் கதைக்கவேண்டாம் என்று மாமிமார் சொல்லிவிட்டார்கள். நல்ல நாளில் எதற்கு.

26 ஜனவரி

முதலில் ஒரு பயனுள்ள செய்தி. மாநகரசபை வரியை 31ஆம் திகதிக்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு. மறந்தவர்கள் இந்தக் கிழமை கட்டிவிடுங்கள்.

வரித் துண்டு தேடப்போய் உறுதிகளை எடுத்துப் பார்த்தோம். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

தொடர்மாடி வீட்டுக்குச் சரியான உறுதி இருக்கவேண்டும் என்றால் ஒழுங்கு இது: கட்டி முடிந்ததும், அனுமதித்த வரைபடப்படிதான் கட்டியிருக்கிறது என்று இணக்கச் சான்றிதழ் எடுக்கவேண்டும், சனம் சீ.ஓ.சீ. என்று சொல்வது. பிறகு ஒவ்வொரு வீட்டையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் கொண்டோமினியம் பிளான் காணிப் பதிவகத்தில் பதியப்படவேண்டும். அதற்குப் பிறகுதான் தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் வீடு தனி ஆதனம். பிளான் பதிந்தால், வீட்டுக்காரர் எல்லாரும் உறுப்பினராக இருக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்றும் சட்டப்படி வந்துவிடும். படிக்கட்டு, தண்ணித் தாங்கி, மொட்டைமாடி எல்லாம் அதன் பொறுப்பு.

எங்களிடம் 16 வீட்டுக்கு இந்த ஒழுங்கில் உறுதி இருக்கிறது. மேலே பிறகு ஏற்றிய இரண்டுக்கும் இல்லை. அவை அனுமதித்த வரைபடத்தில் கிடையாது. வாங்கியவர்களிடம் இருப்பது விற்றவருடன் எழுதிய ஒப்பந்தமும் பணம் கொடுத்த துண்டும். அந்த இரண்டு குடும்பமும் முழுக் காசும் கொடுத்தே வாங்கினார்கள். யாரும் அவர்களை ஏமாளி என்று சொல்லவேண்டாம். 90களின் கடைசியில் கொழும்புக்கு வந்து நின்ற சனத்துக்கு, பிள்ளைகளோடு தலையை வைக்க ஒரு இடம் கிடைத்ததே பெரிது. சான்றிதழ் கேட்டுக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் இருந்தது?

இடித்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கட்டடக்காரரிடம் கேட்டேன். "உறுதி இருக்கிற ஆக்களோடதான் எங்கட கதை" என்றார். இந்தப் பதிலோடு என் "வேண்டாம்" இன்னும் இறுகியது.

9 பெப்ரவரி, பின்னேரம்

நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. காலை பதினொரு மணி தாண்டிப் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம்.

எங்கள் பிளட்டில் ஒரு பதற்றமும் இல்லை. எல்லாரும் வழக்கம்போல ஏறி இறங்குகிறோம். மேல் தாங்கியில் தண்ணி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. பக்கத்துப் பத்து மாடியில் ஜெனரேற்றர் லிப்டையும் நடைபாதை லைட்டையும் மட்டும் இழுக்கிறது. அதற்கும் டீசல் கொஞ்சம்தான் இருந்ததாம். எட்டாம் மாடி ஐயா ஒருவர் மருந்து வாங்க இறங்கியவர், மேலே போகப் பயந்து எங்கள் பார்க்கிங்கில் கதிரை போட்டு இருக்கிறார். தேத்தண்ணி கொடுத்தோம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தை உயரமான கட்டடத்தில் இருந்தவர்களிடம் கேளுங்கள். காஸ் சிலிண்டரும் கிடைக்காத நேரம். நாங்கள் மொட்டைமாடியில் செங்கல் அடுக்கி, பழைய ஜன்னல் சட்டத்தை உடைத்து எரித்து, முறை வைத்து ஆறு குடும்பம் சமைத்தோம். ஒரு வீட்டுப் பானை இறங்க அடுத்த வீட்டுப் பானை ஏறும். பன்னிரண்டு மாடியில், மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஒப்பீஸில் வைத்திருக்கிற இடத்தில், அது நடந்திருக்குமா?

12 பெப்ரவரி

மேலே எழுதியதை வாசித்துவிட்டு மூன்றாம் மாடி மாமி கூப்பிட்டா. அவ சொன்னதை அப்படியே வைக்கிறேன்.

"பிள்ளை, நீ ஏறி இறங்குறாய், எழுதுறாய். நான் கோயிலுக்குப் போய் எத்தனை மாதம் தெரியுமே? மயூராபதி இஞ்ச இருந்து எவ்வளவு தூரம்? முழங்கால் விடுதில்லை. மீன்காரன் கீழ நிண்டு கூப்பிட, நான் மேல இருந்து கூடையைக் கயித்தில இறக்கிறன். எனக்கு அறுபத்தொரு படி. கரண்ட் வருசத்தில ஒரு நாள் போகும், லிப்ட் மற்ற நாளெல்லாம் ஏறும்."

மாமி சொல்வது நியாயம். இந்தக் கட்டடத்தை வாங்கியபோது நாற்பது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது. பிள்ளைகள் வெளியே. படி ஏறமுடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பது எங்கள் பிளட்டில் மட்டும் நாலு பேர். லேன் முழுக்கக் கேட்டால் இன்னும் எத்தனையோ. போன மாதம் ஒரு ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிளாஸ்டிக் கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கி இறக்கினோம். படிக்கட்டுத் திருப்பத்தில் கதிரை மாட்டிக்கொண்டது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே "இடிக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க ஏலாது. இடிக்காமல் லிப்ட் வருமா என்று பார்க்கவேண்டும். கட்டடத்துக்கு வெளியே, பின் பக்கத்தில், படிக்கட்டின் இடைத்தட்டுக்கு வந்து நிற்கிற மாதிரி ஒரு லிப்ட் போட இடம் இருக்கிறதா? யாராவது போட்டிருந்தால் சொல்லுங்கள். மாநகரசபை அனுமதி, பொறியியலாளர், எல்லாச் சொந்தக்காரரின் சம்மதம் எல்லாம் வேண்டும். காசும் வேண்டும். அப்படியென்றாலும் இடித்துக் கட்டுவதைவிடச் சின்ன வேலை.

23 பெப்ரவரி

வாடகை வீடுகள் ஒன்பதிலும் போய் இருந்து கதைத்தேன். நீண்ட குறிப்பு, பொறுமையாக வாசியுங்கள்.

நான் கேட்டது ஒன்றுதான்: இந்தக் கட்டடம் போனால் நீங்கள் எங்கே போவீர்கள்?

முதலாம் மாடியில் தாயும் மகளும். மகள் கொழும்புக் கம்பஸ், தாய் வவுனியாவில் இருந்து கூட வந்து இருக்கிறா. "தெஹிவளைக்கு அங்காலதான்" என்றா. இந்த வீடு கிடைக்க முன் எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்று சொன்னா. ஒரு இடத்தில், ஆம்பிளை இல்லாத வீட்டுக்குக் கொடுக்கமாட்டோம் என்றார்களாம். இன்னொரு இடத்தில் மச்சம் சமைக்கக் கூடாது. வேறொரு இடத்தில் பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் கொடுத்திட்டம்". அடுத்த ஞாயிறு பேப்பரில் அதே வீடு, அதே விளம்பரம்.

எதிர் வீட்டில் முஸ்லிம் குடும்பம், மூன்று பிள்ளை. மூத்தவன் அடுத்த வருடம் முதலாம் வகுப்பு. கட்டடம் போவதைவிட அவர்களுக்குப் பெரிய தலையிடி வாக்காளர் இடாப்பு. அரசாங்கப் பாடசாலைக்கு முதலாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த முகவரியில் எத்தனை வருடம் பதிந்திருக்கிறீர்கள் என்பதற்குப் புள்ளி உண்டு. வீட்டுக்காரர் பதியவிட மாட்டேன் என்கிறார். பதிந்தால் பிறகு எழும்பமாட்டார்கள் என்று பயம். அதனால் இந்த மனுசன் இத்தனை வருடம் இங்கே இருந்தும் வாக்கு வேறு ஊரில், பிள்ளைக்கு இந்தப் பக்கத்துப் பாடசாலை இல்லை.

ஒப்பந்தம் என்று எடுத்துக் காட்டியது கடையில் வாங்கிய அச்சடித்த படிவம். இரண்டு பேரும் கையெழுத்து வைத்து முத்திரை ஒட்டியிருக்கிறார்கள். சட்டம் தெரிந்த ஒரு தங்கச்சியிடம் காட்டினேன். ஒரு மாதத்துக்குக் கூடின குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் செல்லும், அது 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று சொன்னா. எங்கள் ஒன்பது வீட்டில் நொத்தாரிசு எழுதியது இரண்டுதான். மற்ற ஏழு வீட்டிலும் "இரண்டு வருசம்" என்று எழுதியிருக்கிற கடதாசி, நாளைக்கு எழும்பு என்றால் அவர்களைக் காப்பாற்றாது. அட்வான்ஸாகக் கொடுத்த பெருந்தொகையைத் திருப்பி வாங்கவும் அவர்கள் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டுதான் அலையவேண்டும்.

மேல் மாடியில் பெடியன்கள் ஆறு பேர் ஒரு வீட்டில், தனியாட்கள் சேர்ந்திருக்கிற சமரி மாதிரி. பங்கு போட்டால்தான் கட்டுப்படியாகிறது. "அண்ணே, எங்களுக்கு எங்கயும் ஒண்ணுதான், பஸ் ரூட் இருந்தா சரி" என்றான் ஒருவன். இன்னொருவன், பொங்கலன்று பானை பார்த்தவன், "இங்கதான் எங்கள பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்றான்.

ஒன்பது வீட்டிலும் கடைசியில் வந்து நின்றது ஒரே இடம். பன்னிரண்டு மாடி வந்தால் அவர்களில் ஒருவரும் திரும்பி இங்கே வரமுடியாது. புது வீட்டின் வாடகையை அவர்கள் கனவிலும் நினைக்கமுடியாது. சொந்தக்காரருக்குக் கேள்வி, கூடின சதுர அடியா இல்லையா என்பது. இவர்களுக்கோ வெள்ளவத்தையே இல்லை என்றாகிவிடும்.

சட்டப்படி முகாமைத்துவக் கூட்டுத்தாபனக் கூட்டத்தில் வாடகைக்காரருக்கு வாக்கில்லை, தெரியும். ஆனால் ஐந்து வருடமாக மேலே வராத ஒருவருக்கு முழு வாக்கு, தண்ணி மோட்டர் பழுதானால் நடுச்சாமத்தில் இறங்கித் திருத்துகிறவனுக்கு ஒரு சொல்லும் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் சொன்னதைக் கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன்.

24 பெப்ரவரி

இரண்டு பேர் கோபம். "எங்கட வீடு, நாங்கள் காசு போட்டது, வாடகைக்காரரை ஏன் உள்ள இழுக்கிறியள்?" என்று.

கோபத்தில் ஒரு பாதி எனக்கு விளங்குகிறது. பழைய ஆட்களுக்கு 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் 1973ல் வந்த வீட்டு உச்சவரம்புச் சட்டமும் இன்னும் மறக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு இத்தனை வீடுதான் என்று வரம்பு வந்து, மிஞ்சிய வீடுகள் அரசாங்கத்துக்குப் போய், இருந்த வாடகைக்காரர்கள் வாங்கிக்கொள்ள வழி வந்தது. லேன் முகப்பில் இருக்கிற ஓட்டு வீட்டு ஐயா அப்படித்தான் வீட்டுக்காரர் ஆனவர். அவருக்கு அது வாழ்வு கொடுத்த சட்டம். வீட்டைப் பறிகொடுத்தவரின் பிள்ளைகளுக்கு, வாடகைக்காரரைப் பதியவே விடாதே என்று சொல்லித்தந்த சட்டம். இரண்டு பக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்காக இன்றைக்கு இருக்கிற முஸ்லிம் பிள்ளையின் பாடசாலையை மறிப்பது சரியாகிவிடாது.

2 மார்ச்

ஓட்டு வீட்டு ஐயாவோடு கதைத்தது. வயது எண்பத்தைந்துக்கு மேல். நோன்பு தொடங்கிய நாள், முதலாம் மாடி வீட்டில் இருந்து அவருக்கும் கஞ்சி போயிருந்தது.

இந்த லேனில் ஒரு காலத்தில் எல்லாம் தனி வீடு, முன்னால் விறாந்தை, பின்னால் தென்னை என்றார். ஹவ்லொக் வீதிப் பக்கம் நூல் மில் சங்கு ஊதும், அதை வைத்துத்தான் நேரம் பார்ப்பார்களாம். மில் இருந்த காணியில்தான் இப்போது ஹவ்லொக் சிட்டிக் கோபுரங்கள் நிற்கின்றன. 1983 ஜூலையில் இந்த லேனில் வீடுகள் எரிந்தன. எரிந்த வீட்டுக்காரர் சிலர் கப்பலில் யாழ்ப்பாணம் போனார்கள், பிறகு லண்டன், கனடா. காணியை வந்த விலைக்கு விற்றார்கள். அந்தக் காணிகளில்தான் 90களில் எங்களுடையதைப் போன்ற பிளட்டுகள் எழும்பின. அதில் வந்து குடியேறியதும் ஓடிவந்த சனம்தான்.

பிறகு 2007 ஜூன் 7. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த நாட்களில் எங்கள் பிளட்டில் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் பொலிஸ் பதிவுத் துண்டு ஒட்டியிருக்கும். "ஏன் வந்தீர், எப்ப போவீர்" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த லேனில் ஆளை எழுப்புவது என்ற பேச்சு வந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். அது வெறும் காணி விலைப் பேச்சு இல்லை. எங்களை எழுப்பினவர்களைப் பற்றி இன்றைக்கும் கதைக்கிற நாங்கள், எங்கள் கையால் ஒன்பது வீட்டை எழுப்பும்போது கொஞ்சமாவது யோசிக்கவேண்டும்.

9 மார்ச்

கொட்டாஞ்சேனையில் இருக்கிற மச்சான் நேற்று வந்தவர். அவர் கட்சி, இடித்துக் கட்டவேண்டும் என்பது. "நீங்கள் மாட்டன் எண்டால் அடுத்த லேன் கட்டும். காணி விலை உங்களுக்காக நிற்குமே?" என்று கேட்டார். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒடுக்கமான பழைய வீடுகளில் நாலு தலைமுறை ஒரு கக்கூஸோடு இருப்பதைப் பார்த்தவர் அவர். மேலே எழும்பாமல் கொழும்பில் எல்லாருக்கும் இடம் எங்கே என்கிறார். அதுவும் உண்மை.

அவரோடு சகஸ்புர பற்றியும் கதைத்தோம். 2001ல் பொரளைப் பக்கம் 671 வீட்டோடு எழுப்பிய உயர்மாடி, தோட்டம் என்று சொல்கிற கொழும்புக் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்களுக்காக. அவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அங்கே இருக்கிறது. நல்ல தண்ணி, தனிக் கக்கூஸ், சொந்த முகவரி. அதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் தெருவில் இடியப்பம் விற்றுச் சீவித்த கிழவிக்கு எட்டாம் மாடியில் வியாபாரம் இல்லை. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகாரசபை எழுப்பிய மாடிகளிலும் இதே கதை. முதல் கட்டத்தில் ஒரு வீடு ஏறக்குறைய 400 சதுர அடி. ஐந்து பேர் கொண்ட வீட்டில் ஒரு பிள்ளை படிக்கவேண்டும் என்றால் மற்றவர்கள் வெளியே போகவேண்டும். கொம்பனித்தெருவில் வீட்டை விட்டு எழுப்பப்பட்ட சில குடும்பங்கள் புது வீடு வரும் வரும் என்று வாடகை வீட்டில் வருடக்கணக்கில் காத்திருந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

நான் மச்சானிடம் சொன்னது: உயரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. இடைக்காலத்தில் எங்கே இருப்பது, யார் திரும்பி வருவது, வேலை நடுவில் நின்றால் என்ன, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் ஒருவரும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது. 2022ல் பாதியில் நின்ற கட்டடங்கள் இன்னும் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்பதைக் காலி வீதியில் போகிற எவரும் பார்க்கலாம்.

16 மார்ச்

வெளிநாட்டில் இருக்கிற எட்டுச் சொந்தக்காரரில் ஆறு பேரைப் பிடித்துவிட்டேன். ரொறன்ரோ அண்ணைக்கு இடிப்பது சம்மதம், உடனே. "பிள்ளையள் அங்க வரப்போறதில்லை, வித்தால் போதும்" என்றார். நேர்மையான பதில், அதில் எனக்குக் கோபம் இல்லை. லண்டன் அக்கா மாறாகச் சொன்னா. வருடத்தில் ஒரு மாதம் வந்து, அம்மாவின் கட்டிலில் படுத்து, காலையில் ரயில் சத்தத்துக்கு எழும்பவேண்டும், அதற்காகவே பூட்டி வைத்திருக்கிறாவாம். அவவின் வீட்டுப் பராமரிப்புக் காசு மூன்று வருடமாக வரவில்லை என்று சொன்னதும் அன்றைக்கே அனுப்பிவிட்டா. இதுவரை யாரும் கேட்கவில்லை என்றா. சுவிஸில் இருப்பவர், வாடகைக்கு இருக்கிற தாயும் மகளும் எழும்பவேண்டி வருமா என்று கேட்ட ஒரே ஆள்.

30 மார்ச்

பொறியியலாளர் வந்து பார்த்தார். கடல் பக்கத்துத் தூண் ஒன்றில் சீமெந்துப் பூச்சு வீங்கியிருந்த இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். கைப்பிடி அளவு துண்டு கழன்று விழுந்தது. உள்ளே கம்பி, வெங்காயத் தோல்போலத் தட்டுத் தட்டாக உரிந்து, தொட்டால் விரலில் செம்மண் நிறத்தில் ஒட்டியது. உப்புக் காற்று நுண்ணிய வெடிப்புக்குள்ளால் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் சீமெந்தை வெளியே தள்ளும் என்று விளங்கப்படுத்தினார். கடற்கரைக் கட்டடம் எல்லாவற்றுக்கும் வருகிற வருத்தம். புதிதாகக் கட்டினாலும் வரும்.

தூண்களின் நிலையை முழுதாகச் சோதித்துத்தான் முடிவு சொல்வேன் என்றார். இப்போது பார்த்தவரையில் துருவைச் சுரண்டி, கம்பி போட்டு, திரும்பப் பூசினால் தாங்கும் நிலை. இன்னும் சில வருடம் இப்படியே விட்டால் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். மேலே ஏற்றிய இரண்டு வீட்டின் பாரத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். லிப்டுக்குப் பின் பக்கத்தில் இடம் இருக்கிறதாம், ஆனால் கிணறு மூடிய இடம், அத்திவாரம் கவனமாகப் போடவேண்டும்.

இவ்வளவு வருடமாக மாதம் 4,000 ரூபா பராமரிப்புக் காசு கட்டவே பின்னுக்கு நின்ற கட்டடம் இது. பராமரிப்புக்கென்று ஒதுக்கி வைத்த காசு மோட்டர் ஒன்று மாற்றவே போதாது. இடிக்கவேண்டிய நிலைக்கு ஒரு கட்டடம் தானாக வருவதில்லை, இந்த 4,000 வராமல் வராமல்தான் வருகிறது. லேனில் மற்றக் கட்டடங்களில் இருப்பவர்களே, உங்கள் கடல் பக்கத்துத் தூண்களைத் தட்டிப் பாருங்கள், தயவுசெய்து.

6 ஏப்ரல்

கூட்டம் நடந்தது. தேர்தல் காலம் என்றபடியால் இரண்டு கட்சிக்காரர் வாசலில் துண்டுப் பிரசுரத்தோடு நின்றார்கள், உள்ளே விடவில்லை. சொந்தக்காரர் ஆறு பேர் நேரில், ஏழு பேர் போனில். வாடகை வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தேன், ஏழு வீட்டில் இருந்து வந்தார்கள். கோபப்பட்ட இருவரும் வந்தார்கள், எழும்பிப் போகவில்லை.

பெப்ரவரியில் கேட்டு எழுதியதை வாசித்தேன். முஸ்லிம் வீட்டு இடாப்பு விஷயம் வந்ததும், அந்த வீட்டுச் சொந்தக்காரர், போனில் இருந்தவர், நொத்தாரிசு ஒப்பந்தம் எழுதித் தந்தால் பதியச் சம்மதம் என்றார். இந்த மாதமே எழுதுவதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இடிப்பதற்கு ஐந்து பேர் சம்மதம், எட்டுப் பேர் இப்போதைக்கு இல்லை. மூன்றாம் மாடி மாமி "இல்லை" பக்கம், ஆனால் லிப்டுக்கு ஒரு வருடத்தில் வழி பார்க்காவிட்டால் தன் கையெழுத்து மற்றப் பக்கம் போகும் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னா. அதைக் குறிப்புப் புத்தகத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பராமரிப்புக் காசு 7,500 ஆகிறது, மே மாதம் முதல். முதல் வேலை கடல் பக்கத்துத் தூண்கள். லிப்டுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்கிறோம். மேல் வீடுகள் இரண்டினதும் உறுதிப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, தொடர்மாடிகளைப் பார்க்கிற அரச நிறுவனமான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்குப் போக நானும் அந்த இரண்டு வீட்டுக்காரரும். கட்டடக்காரருக்குக் கடிதம் போய்விட்டது: மேல் வீடுகளுக்கு என்ன, வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன, இடைக்கால வாடகை யார் தருவது, வேலை நின்றால் உத்தரவாதம் என்ன, இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு.

7 ஏப்ரல்

கட்டடக்காரர் காலையிலேயே போன் எடுத்தார். எழுத்தில் தர நேரம் எடுக்குமாம், அதற்குள் ரொறன்ரோ அண்ணையின் வீட்டைத் தனியாக வாங்கக் கேட்டிருக்கிறாராம். அண்ணை எனக்குச் சொன்னார், மறைக்கவில்லை. இப்படி ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டு வந்தால் கூட்டத்தில் எண்ணிக்கை மாறும். உங்கள் கட்டடத்தில் இது நடந்திருக்கிறதா, என்ன செய்தீர்கள்? அண்ணையின் வீட்டில் வாடகைக்கு இருப்பது அந்தத் தாயும் மகளும் இல்லை, ஆறு பெடியன்கள். அவர்களே சேர்ந்து வாங்க ஏலுமா என்று கூட ஒருவன் கேட்டான். வங்கிக் கடன் பற்றித் தெரிந்தவர்கள் அவனோடு கதையுங்கள். ஒரு கிழமைக்கு மட்டும் பொறுக்கச் சொல்லி அண்ணையிடம் கேட்டிருக்கிறேன். பொறுப்பதாகச் சொன்னார்.